பத்து மார்க்கைப் போடும் கை

2020 ஜூன் 9. தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்த பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்து என்று அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். எல்லோரும் தேர்ச்சி. மார்க்? காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளில் எடுத்ததிலிருந்து 80 சதவீதம், வருகைப் பதிவேட்டிலிருந்து 20 சதவீதம். தமிழ்நாடு முழுக்கப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அன்று நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். மறுநாள் காலையில்தான் சிலருக்கு டிசம்பர் மாதம் நினைவுக்கு வந்திருக்கும். அரையாண்டுக் கணக்குத் தேர்வன்று என்ன எழுதினோம்? முதலில், எழுதினோமா?

எழுதியபோது அது வெறும் அரையாண்டு. ஆறு மாதம் கழித்து அதுவே பொதுத்தேர்வு ஆகிவிட்டது. விடைத்தாள்கள், மதிப்பெண் பதிவேடு, முன்னேற்ற அட்டை எல்லாவற்றையும் ஒப்படைக்கச் சொல்லித் தேர்வுத் துறை பள்ளிகளைக் கேட்டது. திருத்திப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்ட தாளை, ஊரடங்கு நேரத்தில் திரும்ப வாங்குவது லேசான காரியமா? அந்த ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று முடிவு வந்தது. 9,39,829 பேர், அத்தனை பேரும் தேர்ச்சி. ஒருவர்கூடத் தோற்காத முடிவு என்பதால், அதற்குள் யார் எவ்வளவு இழந்தார் என்ற கேள்வியை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டும். ஏனென்றால் அரையாண்டு மார்க் என்பது பொதுத்தேர்வு மார்க்கைப் போல ஒரே தராசில் நிறுத்தது கிடையாது. டிசம்பரில் இறுக்கிப் பிடித்தால்தான் பையன் மார்ச்சில் உட்கார்ந்து படிப்பான் என்று நினைக்கிற ஆசிரியர்கள் உண்டு. அவர்கள் நாற்பது போட வேண்டிய தாளுக்கு முப்பத்திரண்டு போடுவார்கள். அப்பாவை அழைத்துவரச் சொல்வார்கள். அந்த எட்டு மார்க் கண்டிப்பின் விலை. இன்னொரு பள்ளியில், ரேங்க் கார்டு வீட்டுக்குப் போனதும் பெற்றோர் சந்தோஷமாக அடுத்த தவணை கட்டணத்தைக் கட்ட வேண்டும் என்பதற்காகக் கை தாராளமாக நீளும். இரண்டுமே அந்தந்த நோக்கத்துக்குச் சரி என்று வாதாடலாம். ஆனால் இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்து, மாநிலம் முழுமைக்குமான சான்றிதழில் அச்சடித்தபோது, கண்டிப்பான வாத்தியாரிடம் படித்த பிள்ளைதான் அபராதம் கட்டியது.

வருகைப் பதிவுக்கு 20 சதவீதம் என்பது இதைவிடச் சிக்கலானது. விருதுநகர் மாவட்டத்தில் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, நரிக்குடி பக்கம் போகிறவர்களுக்கு அந்த நிலத்தின் கணக்கு தெரியும். கண்மாய்ப் பாசனம் பேருக்கு உண்டு; குண்டாற்றில் தண்ணீர் ஓடுவது பார்த்துச் சொல்லிக்கொள்ள வேண்டிய செய்தி. மற்றபடி வடகிழக்குப் பருவமழைதான் எல்லாம். புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு. கார்த்திகை, மார்கழியில் களையெடுப்பு. தையும் மாசியும் அறுப்பு. மாசி, பங்குனியில் மிளகாய்ப் பழம் பறிப்பு. இதன் மேல் பள்ளி நாட்காட்டியை வைத்துப் பாருங்கள். காலாண்டுத் தேர்வு செப்டம்பரில், விதைப்புக்கு ஆள் தேடும் நேரம். அரையாண்டு டிசம்பரில், களைக்கு ஆள் கிடைக்காத நேரம். பொதுத்தேர்வு மார்ச்சில், மிளகாய்க் காடு சிவந்து கிடக்கும்போது.

ஆள் கிடைக்காவிட்டால் வீட்டுப் பிள்ளைதான் ஆள். அப்படியே வயலுக்குப் போகாவிட்டாலும், அம்மா களைக்குப் போனால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒன்பதாவது படிக்கும் அக்கா வீட்டில் நிற்க வேண்டும். சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுகிற குடும்பங்கள் மரம் கிடைக்கிற ஊரிலேயே குடிசை போட்டுத் தங்கிவிடுகின்றன. பிள்ளையின் பெயர் ஒரு பள்ளிப் பதிவேட்டில் இருக்கும், பிள்ளை இன்னொரு கண்மாய்க் கரையில் இருக்கும். அருப்புக்கோட்டை டவுனில் தறி ஓடும் வீடுகளில் பண்டிகை ஆர்டர் வந்தால் நூல் சுற்ற ஒரு கை கூடுதலாக வேண்டும். மல்லிகைத் தோட்டத்தில் பொழுது விடியுமுன் பூ எடுத்தாக வேண்டும். எடுத்துவிட்டு வருகிற பிள்ளை முதல் பீரியடுக்குத் தாமதம்.

இந்தப் பிள்ளைகள் வராத நாளெல்லாம் பதிவேட்டில் ஒரே மாதிரித்தான் விழும். மழை பெய்ததற்கும் மழை பொய்த்ததற்கும் அதில் தனித்தனிக் கட்டம் இல்லை. விகிதப்படி பார்த்தால், நூறு நாளில் எழுபத்தைந்து நாள் வந்த பிள்ளைக்கு ஒரு பாடத்துக்கு ஐந்து மார்க் போகும். ஐந்து பாடத்துக்கு இருபத்தைந்து. பதினோராம் வகுப்பில் முதல் குரூப் கிடைக்குமா, தொழிற்பிரிவில் உட்கார வேண்டுமா என்பதைத் தீர்மானிக்க அந்த இருபத்தைந்து போதும். கிராம அஞ்சல் ஊழியர் வேலைக்குத் தேர்வு எதுவும் கிடையாது. பத்தாம் வகுப்பு மார்க்கைத்தான் வரிசைப்படுத்துகிறார்கள். வானம் பார்த்த பூமியில் அது சாதாரண வேலை இல்லை.

ஆகவே பள்ளி மதிப்பீடே வேண்டாம், மூன்று மணி நேரப் பொதுத்தேர்வுதான் நியாயம் என்று முடித்துவிடலாமா? அதுவும் சுலபமான பதில். 2020 மார்ச் 24 அன்று பிளஸ் 2 கடைசித் தேர்வு நடந்தது. அன்று மாலை ஊரடங்கு தொடங்க இருந்த நேரம். பஸ் ஓடுமா என்ற பதற்றத்தில் ஆயிரக்கணக்கானோர் தேர்வு மையத்துக்கே வரவில்லை. பிறகு ஜூலையில் அவர்களுக்கு மறுதேர்வு வைக்க வேண்டியிருந்தது. ஒற்றை நாளில் முழு வாழ்க்கையையும் கட்டிவைக்கும் முறை, காலை ஏழு மணிக்கு ஒரே ஒரு டவுன் பஸ் வரும் ஊருக்கு எப்போதும் ஆபத்துதான். இரண்டு ஆண்டாக ஒரு பிள்ளை செய்த வேலைக்கு ஏதாவது இடம் இருக்க வேண்டும் என்பதில் சந்தேகம் இல்லை. அந்த இடத்தை யார் நிரப்புகிறார்கள், யார் சரிபார்க்கிறார்கள் என்பதில்தான் வழக்கு.

இந்த வழக்கு புதிதும் இல்லை. சென்னை மாகாணத்தில் மெட்ரிகுலேஷனுக்குப் பதிலாக எஸ்.எஸ்.எல்.சி. வந்தபோதே, அந்தப் புத்தகத்தில் பொதுத்தேர்வு மார்க்கோடு பள்ளியில் பெற்ற மார்க்கும் பதிவானது. பழைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைப் பெட்டியில் வைத்திருக்கும் தாத்தாக்கள் வீட்டில் இருந்தால் எடுத்துப் பார்க்கலாம்.

2020-இல் பத்தாம் வகுப்புக்கு வந்த அதே சங்கடம் 2021-இல் பிளஸ் 2 மாணவர்களுக்கு வந்தது. ஜூன் 5 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் தேர்வை ரத்து செய்தார். இந்த முறை சூத்திரம் வேறு. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அதிக மார்க் எடுத்த மூன்று பாடங்களின் சராசரியிலிருந்து 50 சதவீதம், பிளஸ் 1 எழுத்துத் தேர்விலிருந்து 20 சதவீதம், பிளஸ் 2 செய்முறை மற்றும் அக மதிப்பீட்டிலிருந்து 30 சதவீதம். ஜூலை 19 அன்று முடிவு வந்தது. இதில் குறை சொன்னவர்கள் இருந்தார்கள். பத்தாவதில் விளையாட்டாக இருந்துவிட்டுப் பன்னிரண்டாவதில் விழித்துக்கொண்ட பையனுக்கு இது அநியாயம்தான். ஆனாலும் முந்தைய ஆண்டுச் சூத்திரத்தைவிட ஒரு படி மேல் என்றே சொல்ல வேண்டும். ஏனென்றால் 70 சதவீதம், பிள்ளை தன் வாத்தியாருக்கு எழுதாமல் முகம் தெரியாத ஒருவருக்கு எழுதிய தாளிலிருந்து வந்தது. வருகைப் பதிவேட்டுக்கென்று தனிப் பங்கு எதுவும் வைக்கவில்லை என்பதும் முக்கியம்.

கொரோனா காலம் போய்விட்டது, இனி எதற்கு இந்தப் பேச்சு என்று நினைக்க வேண்டாம். சாதாரண ஆண்டுகளிலும் பிளஸ் 2 தேர்வில் ஒவ்வொரு பாடத்துக்கும் பத்து மார்க் பள்ளியின் கையில்தான் இருக்கிறது. பாடத்துக்கு 200 என்றிருந்த மேல்நிலைத் தேர்வை 2017-இல் 100 ஆக்கி, மொத்தத்தை 1200-லிருந்து 600 ஆகக் குறைத்தபோது, அக மதிப்பீடு என்று பத்து மார்க்கை ஒதுக்கினார்கள். செய்முறை இல்லாத பாடத்துக்கு 90 எழுத்துத் தேர்வு, 10 அக மதிப்பீடு. செய்முறை உள்ள பாடத்துக்கு 70, 20, 10. அந்தப் பத்துக்குள் வருகை, வகுப்புத் தேர்வு, ஒப்படைவு, இணைச் செயல்பாடு என்று சின்னச் சின்னக் கூறுகள். எழுத்துத் தேர்வில் 70-க்கு 15, 90-க்கு 25 எடுத்துவிட்டால், மிச்சத்தைப் பள்ளி கொடுப்பதோடு சேர்த்து 35 ஆக்கித் தேறிவிடலாம்.

நடைமுறையில் என்ன நடக்கிறது? பெரும்பாலான பள்ளிகளில் பத்துக்குப் பத்து. ஒப்படைவு நோட்டை ஒருவன் எழுத, மற்றவர்கள் பார்த்து எழுதி, எல்லோருக்கும் முழு மார்க். எல்லோருக்கும் கிடைப்பது யாரையும் பிரித்துக் காட்டாது. அப்படிப் பார்த்தால் அது மதிப்பீடே இல்லை, விழுந்தால் தாங்கும் மெத்தை. இதைக் குற்றம் என்று சொல்ல மனம் வரவில்லை. களைக்குப் போன பிள்ளையின் வருகையை ஆசிரியர் கொஞ்சம் சரிசெய்து கொடுக்கிறார் என்றால், அதிகாரம் கவனிக்காததை அவர் கவனித்திருக்கிறார் என்றுதான் பொருள்.

தொல்லை, அதைக் கொடுக்காமலும் இருக்கலாம் என்பதில் இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வுக்கு 2007-லிருந்து நுழைவுத் தேர்வு இல்லை. கணக்கில் எடுத்தது 100-க்கு, இயற்பியலும் வேதியியலும் 50-க்குச் சுருக்கி, மொத்தம் 200-க்குக் கட் ஆஃப். கணக்கு வாத்தியார் அக மதிப்பீட்டில் இரண்டு மார்க் குறைத்தால் கட் ஆஃபில் முழுசாக இரண்டு குறையும். அரை மார்க்குக்குள் பல நூறு பேர் நெருக்கியடிக்கிற வரிசை அது. எழுத்துத் தேர்வில் இரண்டு மார்க் குறைந்தால் விடைத்தாள் நகல் வாங்கலாம், மறுகூட்டல் கேட்கலாம், மறுமதிப்பீடு கேட்கலாம். அக மதிப்பீட்டில் குறைந்தால் யாரிடம் போவது? போட்டவரிடமேதான். ஏன் குறைந்தது என்று கேட்கிற தைரியம் எந்தப் பிள்ளைக்கு வரும்?

அருப்புக்கோட்டைக்காரர்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. 2018 ஏப்ரலில் அந்த ஊர்க் கல்லூரி ஒன்றின் உதவிப் பேராசிரியை மாணவிகளிடம் தொலைபேசியில் பேசிய ஒலிப்பதிவு தமிழ்நாட்டையே உலுக்கியது. பல்கலைக்கழக மேல்மட்டத்தில் இருப்பவர்களுக்கு இணங்கினால் மார்க்கும் பணமும் கிடைக்கும் என்று மாணவிகளைத் தவறான பாதைக்கு அழைத்த பேச்சு அது. சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது. 2024 ஏப்ரலில் திருவில்லிபுத்தூர் நீதிமன்றம் அவருக்குப் பத்து ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. உடன் குற்றம் சாட்டப்பட்ட இருவரை விடுவித்தது. அந்த வழக்கைப் பள்ளி அக மதிப்பீட்டோடு ஒன்றாக வைப்பது நியாயமில்லை. ஆயிரம் ஆசிரியர்களில் ஒருவருக்கும் பொருந்தாத விஷயம். ஆனால் ஒன்றை அது வெட்டவெளிச்சமாக்கியது. மார்க் போடும் கை யாருடையது என்று தெரிந்துவிட்டால், அந்தக் கைக்கு எதிரில் நிற்பவர் எவ்வளவு பலவீனமானவர் என்பதை. அந்த மாணவிகள் ஒலிப்பதிவு செய்திருக்காவிட்டால் கதை வெளியே வந்திருக்காது.

பள்ளிகளுக்குத் திரும்புவோம். விருதுநகர் மாவட்டத்துக்குத் தேர்ச்சி விகிதம் என்பது கௌரவப் பிரச்சினை. 2018 பிளஸ் 2 தேர்வில் 97.05 சதவீதத்தோடு மாநிலத்தில் முதலிடம். 2023-இல் மாநிலச் சராசரி 94.03 ஆக இருக்க, 97.85 சதவீதத்தோடு மறுபடியும் முதலிடம். இது ஒரு நாளில் வந்ததில்லை. 1889-இல் விருதுநகரில் சத்திரிய வித்யாசாலை தொடங்கியதிலிருந்து, வியாபாரத்தில் மகமை பிடித்துப் பள்ளிக்கூடம் நடத்திய சமூகங்களின் உழைப்பு அதில் இருக்கிறது. ஆறாம் வகுப்போடு நின்றுபோய், பின்னால் முதலமைச்சராகிப் பள்ளியில் மதிய உணவு போட்டவர் பிறந்த மாவட்டம் இது. சாயங்காலம் ஏழு மணி வரை ஸ்பெஷல் கிளாஸ் எடுத்துவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடும் அரசுப் பள்ளி ஆசிரியர்களும் இதில் இருக்கிறார்கள்.

ஆனால் இன்னொரு பட்டியலும் உண்டு. 2018 ஜனவரியில் மத்திய அரசு முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று நாடு முழுவதும் பின்தங்கிய மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தபோது, தமிழ்நாட்டிலிருந்து இரண்டே இரண்டு பெயர்கள். ஒன்று ராமநாதபுரம். மற்றொன்று விருதுநகர். பிளஸ் 2 தேர்ச்சியில் முதலிடமும் பின்தங்கிய பட்டியலில் இடமும் ஒரே ஆண்டில், ஒரே மாவட்டத்துக்கு. இந்த இரண்டும் எப்படி ஒன்றாக நிற்கின்றன என்று யாராவது உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். தேர்ச்சி விகிதம் தேர்வு எழுதியவர்களைத்தான் எண்ணும். எழுத வராமலே போனவர்கள் அந்தக் கணக்கில் வகுக்கும் எண்ணிலும் இல்லை, வகுபடும் எண்ணிலும் இல்லை.

தேறமாட்டான் என்று தெரிந்த பையனை ஒன்பதாம் வகுப்பிலேயே வடிகட்டுவது, டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்வது, தனித்தேர்வராக எழுதச் சொல்வது பற்றிய புகார்கள் இந்தப் பக்கத்துக்கு மட்டும் சொந்தமானவை இல்லை. விகிதத்துக்குப் போட்டி போடும் எல்லா இடத்திலும் உண்டு. இங்கே அதன் கருவியாக இருப்பதும் பள்ளியின் உள் மார்க்தான். பொதுத்தேர்வு நடப்பதற்கு முன்பே, வருகைப் பதிவேடும் திருப்புதல் தேர்வு மார்க்கும் யார் பொதுத்தேர்வுக்குப் போவது என்பதைத் தீர்மானித்துவிடுகின்றன. ஆக அந்த மார்க்குகளுக்கு மதிப்பு பத்து சதவீதம்தான் என்பது அச்சடித்த விதி; சில பிள்ளைகளுக்கு அவை நூறு சதவீதம்.

ரேங்க் விஷயத்துக்கு வருவோம். 2017 மே மாதம் பிளஸ் 2 முடிவு வந்தபோது, அமைச்சர் செங்கோட்டையனும் கல்வித் துறைச் செயலர் உதயச்சந்திரனும் இருந்த காலத்தில், மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்ற அறிவிப்பையே நிறுத்தினார்கள். அதுவரை மே மாதத்தில் நாளிதழ்களின் பக்கங்களை நிறைத்த லட்டு ஊட்டும் படங்கள் அந்த ஆண்டோடு குறைந்தன. நல்ல முடிவு. நாளிதழ்க்காரர்களுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். ஆனால் பிள்ளைகளை வரிசைப்படுத்தும் ரேங்க் ஒழிந்த பிறகும், மாவட்டங்களை வரிசைப்படுத்தும் ரேங்க் ஒவ்வோர் ஆண்டும் வெளிவந்துகொண்டுதான் இருக்கிறது. மேலே ஒழித்ததும் கீழே ஒழிந்துவிடவில்லை. வகுப்பறையில் முதல் ரேங்க், கடைசி ரேங்க் எல்லோருக்கும் மனப்பாடம்.

வகுப்பு ரேங்க்கில் உள்ள அடிப்படைக் குறை, அது அந்தப் பிள்ளையைப் பற்றிப் பாதியும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றிப் பாதியும் சொல்வதுதான். அருப்புக்கோட்டை டவுனில் பெரிய பள்ளியின் ஏ செக்‌ஷனில் பதினைந்தாவது ரேங்க் எடுக்கும் பெண், நரிக்குடிப் பக்கத்துக் கிராமப் பள்ளியில் முதலாவதாக இருப்பாள். அதே கிராமத்து முதல் ரேங்க் பையன் டவுனுக்கு வந்தால் இருபதுக்கு இறங்குவான். ஒருவருடைய படிப்பும் இம்மியும் மாறியிருக்காது.

இதைத் தெரிந்துகொண்டே ரேங்க்கை இறுதி முடிவோடு முடிச்சுப்போட்ட நாடு ஒன்று உண்டு, அது பட்ட பாடும் பாடப்புத்தகத்தில் வைக்கத் தக்கது. 2020-இல் இங்கிலாந்திலும் தேர்வு ரத்து. ஒவ்வொரு பள்ளியும் தன் மாணவருக்கு என்ன கிரேடு கிடைத்திருக்கும் என்று மதிப்பிட்டு, அதோடு முதல் மாணவரிலிருந்து கடைசி மாணவர் வரை வரிசைப்படுத்தியும் அனுப்ப வேண்டும். ஆஃப்குவால் என்ற தேர்வு ஒழுங்குமுறை அமைப்பு அந்த வரிசையை எடுத்துக்கொண்டு, அந்தப் பள்ளி முந்தைய மூன்று ஆண்டுகளில் எப்படிச் செய்தது என்பதைப் பார்த்துக் கணினிச் சூத்திரத்தால் கிரேடு போட்டது. ஆகஸ்ட் 13 அன்று ஏ-லெவல் முடிவு வந்தபோது, கிட்டத்தட்ட 39 சதவீத கிரேடுகள் ஆசிரியர் சொன்னதைவிடக் குறைந்திருந்தன. பள்ளியில் இதற்கு முன் யாரும் முதல்தர கிரேடு வாங்கியதில்லை என்றால், அந்த ஆண்டு முளைத்துவந்த கெட்டிக்காரிக்கும் அது கிடைக்காது. ஆனால் ஐந்து பேரோ அதற்கும் குறைவாகவோ படிக்கும் பாடத்துக்கு ஆசிரியர் போட்டதே இறுதி; அப்படிச் சின்ன வகுப்பு வைக்க வசதி உள்ளவை எவை? கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகள். பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். நான்கே நாளில், ஆகஸ்ட் 17 அன்று, அரசாங்கம் சூத்திரத்தைத் தூக்கிப்போட்டது. மாதக் கடைசிக்குள் ஆஃப்குவாலின் தலைமை ஒழுங்குமுறை அதிகாரி சாலி காலியர் பதவி விலகினார்.

மறு வருடம் சி.பி.எஸ்.இ. ஏறக்குறைய அதே குழிக்குள் காலை வைத்தது, கொஞ்சம் பதமாக. பத்தாம் வகுப்பு 30, பதினொன்று 30, பன்னிரண்டு 40 என்று பங்கு பிரித்தது. பள்ளிகள் அள்ளிக் கொடுத்துவிடுமோ என்ற பயத்தில், கடந்த மூன்று ஆண்டுகளில் அந்தப் பள்ளியின் சிறந்த ஆண்டு எதுவோ அதை ஒட்டியே இந்த ஆண்டுச் சராசரியும் இருக்க வேண்டும் என்றது. அண்ணன் அக்கா எழுதிய தேர்வுக்கேற்பத் தம்பிக்கு மார்க். திருச்சுழி போன்ற ஒரு வட்டாரத்தில் இந்த விதியை வைத்துப் பார்த்தால், மழை பொய்த்த ஆண்டில் படித்த அண்ணனின் பாரமும் தம்பி தலையில் ஏறும்.

ரேங்க்கைப் பயன்படுத்தியும் ஓரளவு நியாயமாக நடக்கும் முறை ஒன்று ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் இருக்கிறது. சிட்னியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் பதினொன்று, பன்னிரண்டு படிக்கும் பிள்ளை இருந்தால் சாப்பாட்டு மேஜையில் இதுதான் பேச்சு. அங்கே எச்.எஸ்.சி. இறுதி மார்க்கில் பாதி பொதுத்தேர்வு, பாதி பள்ளி மதிப்பீடு. கேட்டதும் பகீரென்று இருக்கும். ஆனால் பள்ளி அனுப்பும் மார்க்கை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பிள்ளைகளின் வரிசையையும், ஒருவருக்கும் அடுத்தவருக்கும் உள்ள இடைவெளியையும் பள்ளியிடமிருந்து எடுத்துக்கொள்வார்கள். உயரத்தை, அதே பிள்ளைகள் அதே ஆண்டில் பொதுத்தேர்வில் எழுதியதிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். பள்ளி மதிப்பீட்டில் முதலாவதாக வந்தவருக்கு, அந்தக் குழுவில் பொதுத்தேர்வில் யார் அதிகம் எடுத்தார்களோ அந்த மார்க் மதிப்பீட்டு மார்க்காகக் கிடைக்கும். சராசரிக்குச் சராசரி சமமாக்கப்படும். ஆகவே பள்ளி எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்தாலும் பயனில்லை, கஞ்சத்தனம் பிடித்தாலும் நஷ்டமில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் பொதுத்தேர்வில் நன்றாக எழுதினால் தன் மதிப்பீடும் உயரும் என்பதால், நோட்டை மறைத்துவைக்கும் புத்தியும் கொஞ்சம் குறையும்.

இதிலும் ஓட்டை உண்டு. ஐந்து, ஆறு பேர் படிக்கும் பாடத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் எல்லோருடைய மார்க்கும் அசையும். நல்ல பிள்ளைகளையே பொறுக்கி எடுக்கும் பள்ளியில் கடைசி ரேங்க் வாங்குகிறவருக்கு மன உளைச்சல் குறையாது. இங்கே அப்படியே கொண்டுவர முடியாது, கொண்டுவரவும் கூடாது. எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: பள்ளி போடும் மார்க்கை அந்த ஆண்டு, அந்தப் பிள்ளைகள், வெளியே எழுதிய ஏதோ ஒன்றோடு ஒட்டிப் பார்ப்பது.

வரிசையில் நிற்காதவர்களைப் பற்றி ஒரு சிறு விலகல். திருச்சுழியில் 1879-இல் பிறந்த வேங்கடராமன் என்ற பையன் மதுரை அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது, ஆங்கில இலக்கணப் பாடத்தைச் சரியாகப் படிக்காததற்கு மூன்று முறை எழுதிவரச் சொல்லித் தண்டனை கிடைத்தது. 1896 ஆகஸ்ட் 29 அன்று இரண்டு முறை எழுதிவிட்டு, மூன்றாவது முறைக்கு முன் தாளை ஓரமாக வைத்துவிட்டு, ஸ்பெஷல் கிளாஸ் இருப்பதாகச் சொல்லித் திருவண்ணாமலைக்குக் கிளம்பிப் போனார். ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தது பின்னால். இன்றைய முறைப்படி அவருக்கு ஒப்படைவுக்கு ஒரு மார்க் கழியும், வருகைக்கு மொத்தமும் போகும். எல்லாப் பிள்ளையும் திருவண்ணாமலைக்குப் போகாது என்பது வேறு விஷயம்.

இப்போது இதைப் பேச வேண்டிய அவசரம் ஒன்று இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியான மாநிலக் கல்விக் கொள்கை பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வை எடுத்துவிட்டது. தனியார் பள்ளிகள் பதினொன்றின் பாடத்தைத் தொடாமல் நேரடியாகப் பன்னிரண்டுக்குத் தாவுவதைத் தடுக்கத்தான் 2017-18-இல் அந்தத் தேர்வு வந்தது. மூன்று ஆண்டு தொடர்ந்து பொதுத்தேர்வு என்ற சுமை பிள்ளைகளைப் படுத்தியது உண்மை, எடுத்தது சரி. ஆனால் விளைவைக் கவனிக்க வேண்டும். பதினோராம் வகுப்பின் முழு மார்க்கும் இனி பள்ளியின் கையில். நாளைக்கு இன்னொரு பெருந்தொற்றோ பெருவெள்ளமோ வந்து 2021 சூத்திரத்தை மறுபடி தூசி தட்டினால், அதில் அன்று வெளித்தேர்வாக இருந்த 20 சதவீதம் இப்போது உள்தேர்வு.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் இல்லை. முதலாவது, வருகைக்கு மார்க் போடுவதை விட்டுவிடலாம். பிள்ளை ஏன் வரவில்லை என்று வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டிய பதிவேடு அது. அதைத் தண்டனைப் புத்தகமாக்கியதால் ஒன்று பொய்யாக நிரப்புகிறார்கள், இல்லாவிட்டால் ஏழையின் மார்க்கைக் குறைக்கிறார்கள். அடுத்தது, அக மதிப்பீட்டின் பத்து மார்க்கையும் கூறு கூறாகப் பிரித்து, துறைக்கு அனுப்புமுன் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். முறையீடு அந்தப் பள்ளியிலேயே முடியாமல் மாவட்டக் கல்வி அலுவலர் வரை போக வழி வேண்டும். எழுத்துத் தேர்வில் ஒரு பள்ளியின் சராசரியும் அக மதிப்பீட்டில் அதன் சராசரியும் மலைக்கும் மடுவுக்குமாக இருந்தால், அந்தப் பள்ளியின் ஒப்படைவு நோட்டுகளில் சிலவற்றை வேறு பள்ளி ஆசிரியர் ஒருவர் பார்க்கட்டும். தேர்வுத் துறையிடம் இரண்டு எண்களும் ஏற்கெனவே இருக்கின்றன. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் பாக்கி.

மாவட்டத் தேர்ச்சி விகிதம் வெளியிடும்போது, அந்தப் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தபோது எத்தனை பேர், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு அறைக்குள் வந்தது எத்தனை பேர் என்ற எண்ணையும் பக்கத்தில் போடலாம். விருதுநகருக்கு அதில் பயப்பட ஒன்றும் இல்லாவிட்டால், அதை முதலில் கேட்க வேண்டிய மாவட்டமே இதுதான். இதற்கெல்லாம் சட்டத் திருத்தம் வேண்டாம், புதிய நிதி வேண்டாம். வருகை மார்க்கை எடுக்க ஓர் அரசாணையும், மற்றதற்கு ஒரு சுற்றறிக்கையும் போதும். ஐப்பசி மழைக்கு விதைப்பு தொடங்குமுன் அவை திருச்சுழி வரை வந்து சேர்ந்தால், இந்த ஆண்டு அரையாண்டுக்கே நடைமுறைக்கு வரும்.